பழைய மாணவர் விருதுக்கு அத்தை பேர குடுக்கலாமா?

தோவாளைக்காரன்:
நாகர்கோவில்ல நான் படிச்ச காலேஜ்ல பழைய மாணவர் சங்கம் கல்வி, சேவைன்னு விருது குடுக்காங்க, எங்க அத்தையும் அங்கதான் பிஎஸ்சி, அப்புறம் பேச்சிப்பாறைக்கு மேல மலையில காணிக்கார பழங்குடிப் பிள்ளைங்க படிக்க ஸ்கூல்ல 28 வருசம் டீச்சர், மழைன்னா பஸ் வராது, செருப்ப கையில பிடிச்சிட்டு நடப்பாங்க. பேர குடுக்கலாமா, இல்ல கலெக்டர் விஞ்ஞானிக்குதானா?

ரப்பர்வெட்டு:
குடுங்க மக்கா. இஸ்ரோ சிவன் சாரே மேல சரக்கல்விளை கவர்மென்ட் ஸ்கூல்ல படிச்சு, இந்து காலேஜ்ல பிஎஸ்சி முடிச்சவராக்கும். அவருக்கு அ, ஆ சொல்லிக்குடுத்த வாத்தியார் யாருன்னு எவனாவது கேட்டானா?

குளச்சல்கரை:
நான் படிச்ச எடத்துல நன்கொடை குடுத்தவருக்குதான் பொன்னாடை, அத விடுங்க. பயோடேட்டா ஒரு பக்கத்துல முடிங்க, படிச்ச வருசம், வேலை பார்த்த ஸ்கூல், முக்கியமா அவங்ககிட்ட படிச்ச ரெண்டு பேர்ட்ட கைப்பட எழுதி வாங்கி வையுங்க. கவர்மென்ட் நல்லாசிரியர் விருது செப்டம்பர் 5க்கு குடுப்பாங்கல்லா, அது வேற ரூட்டு. அத்தை ரிட்டயர்டா?

தோவாளைக்காரன்:
2019லயே. கேட்டதுக்கு "எனக்கு எதுக்குல பொன்னாடை, அந்த காசுக்கு பிள்ளைகளுக்கு நோட்டு வாங்கு"ன்னுட்டாங்க. தெரியாம அனுப்பிரலாம்னு இருக்கேன், போட்டோதான் ரேசன் கார்டுல உள்ளத தவிர ஒண்ணும் கெடைக்கல.