கன்வேயருக்கு டைமர் ரிலேவா, பிஎல்சியா?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனை ஆலையில் வயர்மேன் வேலை. பழத்தைக் கொண்டுபோகும் கன்வேயர் வரிசையாக மூன்று, டைமர் ரிலே (குறித்த நேரம் கழித்துத் தானாக மாறும் சுவிட்ச்) வைத்து ஒன்றன்பின் ஒன்றாக ஓடுகின்றன. போன வாரம் நடுவில் உள்ளது டிரிப் ஆகி நின்றுவிட்டது, முதல் கன்வேயர் நிற்காமல் பழத்தைக் கொட்டிக்கொண்டே இருந்தது, இரண்டு மணி நேரம் மண்வெட்டியால் வாரினோம். பிஎல்சிக்கு (நிரல் ஏற்றி இயந்திரங்களை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினி) மாறலாமா அண்ணே?

பதில் 1:
தம்பி, முதலில் இன்டர்லாக்கைப் பாருங்கள், அதாவது ஒன்று ஓடினால்தான் மற்றது ஓடும் என்ற ஏற்பாட்டை. டைமர் நேரத்தை மட்டும்தான் எண்ணும், அடுத்த பெல்ட் ஓடுகிறதா என்று அதற்குத் தெரியாது. கடைசி கன்வேயர் முதலில் ஓடவேண்டும், அதன் காண்டாக்டரில் (மோட்டாருக்கு மின்சாரம் விடும் சுவிட்ச்) கூடவே மாறும் சின்னத் துணைக் காண்டாக்ட் வழியாகத்தான், அதற்கு முந்தின கன்வேயரின் காண்டாக்டரை இழுக்கும் காயிலுக்கு மின்சாரம் போகவேண்டும். நிறுத்தும்போது தலைகீழ், முதல் கன்வேயர் முதலில் நிற்கவேண்டும். இந்த வயரிங் இல்லாமல் பிஎல்சி வாங்கினாலும் அதே மண்வெட்டிதான்.

பதில் 2:
அண்ணன் சொல்வது சரி, ஆனால் காண்டாக்டர் இழுத்திருந்தாலும் செயின் அறுந்திருக்கலாமே? வால் புல்லியில் (கன்வேயரின் பின்முனை உருளை) ஒரு பிராக்ஸிமிட்டி சென்சார் வையுங்கள், அது சுழல்வதைத் தொடாமலே உணர்ந்து துடிப்பு அனுப்பும், 3 வினாடி துடிப்பு வராவிட்டால் நிறுத்தச் சொல்லலாம். அதற்கு சீமென்ஸ் லோகோ மாதிரி சின்ன ஸ்மார்ட் ரிலே (குட்டி பிஎல்சி மாதிரி) போதும், 8 உள்ளீடு, 4 வெளியீடு. நேரத்தை மாற்ற வயரைத் தொடவேண்டாம். எமர்ஜென்சி ஸ்டாப்பை மட்டும் தயவுசெய்து நிரலை நம்பி விடாதீர்கள், அது காயில் மின்சாரத்தை நேராகவே வெட்டவேண்டும்.

கேட்டவர்:
நன்றி அண்ணே. ராத்திரி ஷிப்டில் லோகோ செத்துப்போனால்?

பதில் 2:
அதே நிரல் ஏற்றிய இன்னொன்றை வாங்கி பேனலுக்குள்ளேயே வையுங்கள், வயர்களுக்கு நம்பர் போட்டுவிடுங்கள்.