மைபை "பிழை இல்லை" என்கிறது, சிட்டையில் 79604120 கிலோ!

ராம்புக்காரன் எழுதியது:

மலேசியாவில், சிலாங்கூர் பெஸ்தாரி ஜெயா பக்கம் (எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான்) செம்பனைக் குலை வாங்கும் ஒரு ராம்பில் வேலை. கணக்கும் நான்தான், கம்ப்யூட்டரும் நான்தான். சிறுதோட்டக்காரர்கள் லோரியில் கொண்டுவரும் குலையை நிறுத்து சிட்டை அடித்துக் கொடுக்க நானே பைத்தானில் எழுதிய புரோகிராம் இரண்டு வருஷமாக ஓடுகிறது. "தராசு" என்று ஒரு தாய் கிளாஸ், அதில் "எடைபோடு" என்று ஒரு மெத்தட் (ஒரு வேலையைச் செய்யும் கோடு), அதைப் பிள்ளை கிளாஸ்கள் தங்கள் வழியில் எழுதிக்கொள்ளும். பெயரைத் தமிழில் வைத்ததற்கு யாரும் திட்டாதீர்கள், பைத்தான் 3 ஏற்றுக்கொள்கிறது. பழைய தராசுக்கு எண்ணைக் கையால் அடிப்போம், அது ஒரு பிள்ளை கிளாஸ். போன மாதம் முதலாளி புதுத் தராசு வாங்கினார், எடை கேபிள் வழியாகத் தானே வரும், அதற்கு இன்னொரு பிள்ளை கிளாஸ் எழுதினேன்.

முதல் நாளே கூத்து. ஒரே ஆள் இரண்டு நடை, 7960 கிலோ, 4120 கிலோ. சிட்டையில் மொத்தம் 79604120 கிலோ. லோரி ஓட்டும் அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, "தம்பி, தோட்டத்தையே வேரோடு பிடுங்கி ஏத்திட்டு வந்துட்டேனா?" என்றார். கேபிளில் வந்ததை எண்ணாக மாற்றாமல் ஸ்ட்ரிங்காகவே (வெறும் எழுத்துக் கோவையாக) திருப்பிக் கொடுத்திருக்கிறேன், இரண்டு ஸ்ட்ரிங்கைக் கூட்டச் சொன்னால் பைத்தான் ஒட்டிவிடும். அதைத் திருத்தியாயிற்று.

என் கேள்வி வேறு. இந்த மாதிரி பிழையை ஓட்டிப் பார்க்காமலே பிடிக்கும் என்றுதானே மைபை (mypy, பைத்தான் கோடில் டைப் சரியா என்று பார்க்கும் கருவி) போட்டேன்? பிழை இருந்த பழைய கோடை எடுத்து மறுபடி கொடுத்துப் பார்த்தேன், "சக்சஸ்" என்று பச்சையில் சிரிக்கிறது. தாய் கிளாஸை அப்ஸ்ட்ராக்டாக (பிள்ளைகள் "எடைபோடு" எழுதியே ஆகவேண்டும் என்று) வேறு வைத்திருக்கிறேன். எப்படித் தப்பியது?

பால்மரத்துப் பாம்பு:

டெஃப் வரியில் (ஃபங்ஷன் தொடங்கும் வரி) டைப், அதாவது எண்ணா ஸ்ட்ரிங்கா என்ற வகை, எழுதினீர்களா? இல்லை என்றே நினைக்கிறேன். டைப் குறிப்பு எதுவும் இல்லாத ஃபங்ஷனின் உடம்பை மைபை வழக்கமாகத் திறந்தே பார்க்காது. பைத்தானுக்கு டைப் குறிப்பு வந்ததே 3.5-இல், 2015-இல், அதுவும் விருப்பப்பட்டால் எழுதலாம் என்ற கணக்கில்தான். அதனால் நீங்கள் எழுதாத இடத்தில் அது வாயை மூடிக்கொண்டு போய்விடும். அந்தப் பச்சைக்கு "நான் பார்த்த இடத்தில் ஒன்றும் இல்லை" என்றுதான் அர்த்தம், ஆனால் அது பார்த்ததே இல்லை.

அப்ஸ்ட்ராக்ட் விஷயத்திலும் ஏமாந்திருக்கிறீர்கள். ஓடும்போது, ஆப்ஜெக்ட் உருவாகும் நேரத்தில், "எடைபோடு" என்ற பெயரில் ஏதாவது இருக்கிறதா என்று மட்டும்தான் பைத்தான் பார்க்கும். அது எத்தனை ஆர்க்யுமென்ட் வாங்குகிறது, எதைத் திருப்பித் தருகிறது என்று கேட்காது.

தாயிலும் பிள்ளைகளிலும் "எடைபோடு" ஃப்ளோட் (தசம எண்) தரும் என்று எழுதுங்கள். பிள்ளையில் எழுதாமல் விட்டால் மறுபடி கண்டுகொள்ளாமல் போகும். டைப் இல்லாத டெஃபை அனுமதிக்காதே என்று ஒரு செட்டிங் இருக்கிறது, அதைப் போட்டால் விட்டுப்போன இடமெல்லாம் தெரிந்துவிடும்.

ராம்புக்காரன்:

தாயிலும் புதுத் தராசின் பிள்ளையிலும் எழுதினேன் அண்ணா, கையால் அடிக்கும் கிளாஸை இன்னும் தொடவில்லை. பழைய பிழையை அப்படியே விட்டு ஓட்டினேன். இன்னமும் பச்சை. பைத்தியம் பிடிக்கிறது.

சிப்புட் கட்டை:

கேபிளைப் படிக்கும் லைப்ரரிக்கு டைப் விவரம் கிடைக்கவில்லை என்று மைபை முன்பு கத்தியிருக்கும், நீங்களும் "காணாத இம்போர்ட்டைப் பொருட்படுத்தாதே" என்று வாயை அடைத்திருப்பீர்கள். நானும் செய்தவன்தான். அப்படிச் செய்தால் அந்த லைப்ரரியிலிருந்து வருவது எல்லாம் "எனி" (Any, எதுவாகவும் இருக்கலாம்) ஆகிவிடும். எனி எந்த டைப்போடும் ஒத்துப்போகும், அதன்மேல் எந்த மெத்தடைக் கூப்பிட்டாலும் வருவது இன்னொரு எனி. ஃப்ளோட் தருகிறேன் என்று எழுதிவிட்டு எனியைத் தந்தால் மைபை சம்மதித்துவிடும்.

ஸ்ட்ரிக்ட் (மைபையின் கறார் செட்டிங்) போட்டு ஓட்டுங்கள், ஃப்ளோட் என்று சொல்லிவிட்டு எனி திருப்பித் தருகிறாய் என்று அதில் சொல்லும். கூடவே அந்த சீரியல் லைப்ரரிக்கான டைப் பேக்கேஜையும் இறக்குங்கள். அப்புறம் அதற்கு உள்ளே வருவது பைட்ஸ் (கேபிளில் வரும் கச்சா தரவு) என்று தெரியும், டிகோட் செய்தால் ஸ்ட்ரிங், ஃப்ளோட் கேட்ட இடத்தில் ஸ்ட்ரிங் வந்தால் நேராகச் சிவப்பு.

இன்னொன்று. லோரி தட்டில் ஏறி ஆடிக்கொண்டிருக்கும்போது தராசு என்ன அனுப்புகிறது? பல தராசுகளில் எடைக்கு முன்னால் நிலைத்துவிட்டது, நிலைக்கவில்லை என்று இரண்டெழுத்துக் குறி வரும். நிலைக்காதபோது நீங்கள் நன் (None, மதிப்பே இல்லை என்பது) கொடுத்தால் பிள்ளையின் டைப் "ஃப்ளோட் அல்லது நன்" ஆகிறது, தாய் சொன்ன ஃப்ளோட்டை அது மீறுகிறது, மைபையும் அதைத்தான் சொல்லும். தாயைக் கேட்டவன் பிள்ளையைக் கொடுத்தாலும் ஏமாறக்கூடாது, கணினி அறிஞர் பார்பரா லிஸ்கோவ் 1987-இல் பேசியது இதைத்தான். நானாக இருந்தால் நன் கொடுக்க மாட்டேன், நிலைக்கும்வரை காத்திருந்து, நேரம் கடந்தால் எக்ஸெப்ஷன் (பிழை என்று சொல்லி நிறுத்துவது) போட்டுவிடுவேன்.

கிராணி வீட்டுப் பையன்:

நான் ஜாவா ஆள், பைத்தான் பகுதி நேரம். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். தாயில் ஒரு மெத்தட் பெயரை மாற்றினேன், பிள்ளையில் மாற்ற மறந்தேன். தாயில் சும்மா பூஜ்யம் தரும் உடம்பு ஒன்று இருந்தது. எரர் இல்லை, ஒன்றும் இல்லை, மூன்று நாள் ஒரு பகுதி ஆட்களின் கூலி பூஜ்யமாகவே வந்தது. ஜாவாவில் இதற்கு ஓவர்ரைடு (override, தாயில் உள்ளதைத்தான் மாற்றி எழுதுகிறேன் என்ற) குறி 2004-லேயே, ஜாவா 5-இல் வந்துவிட்டது. பைத்தானில் 3.12-இல், 2023-இல்தான் வந்தது, பழைய பைத்தான் என்றால் டைப்பிங் எக்ஸ்டென்ஷன்ஸ் என்ற பேக்கேஜில் எடுத்துக்கொள்ளலாம். பிள்ளை மெத்தட் தலையில் அதை வையுங்கள், தாயில் அந்தப் பெயர் இல்லாவிட்டால் மைபை பிடித்துவிடும். ஓடும்போது பைத்தான் பிடிக்காது, அதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சும்மா கேட்கிறேன்:

இவ்வளவு அலங்காரம் ஒரு ராம்புக்குத் தேவையா? இரண்டு நடை போட்டுக் கூட்டிப் பார்க்கும் டெஸ்ட் ஒன்று எழுதியிருந்தால் ஐந்து நிமிஷத்தில் மாட்டியிருக்கும். லோரியின் சொந்த எடையைக் கழிக்க மறந்தால் உங்கள் மைபை என்ன செய்யும்? அதுவும் ஃப்ளோட், இதுவும் ஃப்ளோட்.

சிப்புட் கட்டை:

டெஸ்ட் வேண்டாம் என்று யார் சொன்னது? கழிக்க மறப்பதற்கும் ஒரு வழி உண்டு. நியூடைப் (இருக்கும் டைப்புக்குப் புதுப் பெயர் தந்து தனி டைப்பாக்கும் வசதி) வைத்து "மொத்த எடை" ஒன்று, "நிகர எடை" ஒன்று என்று தனித்தனி டைப் ஆக்கிவிட்டால், சிட்டை நிகர எடையைக் கேட்கும் இடத்தில் மொத்த எடையைக் கொடுக்க முடியாது. கிலோ, டன் குழப்பத்துக்கும் இதே வைத்தியம். ஆனால் தம்பி சொல்வது ஒரு பாதி சரி, தராசே தப்பாக நிறுத்தால் எந்தக் கருவியும் காப்பாற்றாது.

ராம்புக்காரன்:

ஸ்ட்ரிக்ட் போட்டேன், டைப் பேக்கேஜும் இறக்கினேன். 23 சிவப்பு. என் ஸ்ட்ரிங் பிழை நான்காவதாக நின்றது, பார்த்ததும் ஒரு நிம்மதி. பாதிக்கு மேல் நன் சம்பந்தப்பட்டவை, சலிப்பான வேலை, ஒரு மதியத்தில் முடிந்தது.

ஆனால் ஒன்று எதிர்பார்க்காதது, கையால் அடிக்கும் கிளாஸிலும் டைப் எழுதியதும் வந்தது. அங்கே "எடைபோடு" லோரி எண்ணையும் கட்டாயமாகக் கேட்கிறது, தாயில் அது இல்லை. புதுத் தராசு கெட்டால் பழையதுக்கு மாறும்படி எழுதிய இடத்தில் எண் கொடுக்காமல்தான் கூப்பிடுகிறேன். புதுத் தராசு இன்னும் ஒரு நாளும் கெடவில்லை, அதனால் அந்த வரி இதுவரை ஓடவே இல்லை. இப்போது எண்ணைக் கொடுக்காவிட்டாலும் ஓடும்படி மாற்றிவிட்டேன், டெஸ்ட்டும் ஒன்று எழுதினேன் (சும்மா கேட்கிறவருக்காக).

லோரி அண்ணன் இன்றைக்கும் கைபேசியில் தனியாகக் கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் சிட்டையை வாங்கினார்.