புதுப்பிப்பு: மின் மலை சைக்கிளுக்குப் புது டிஸ்ப்ளே மாட்டியாச்சு

பழைய கறுப்பு வெள்ளை டிஸ்ப்ளேவைக் கழற்றிவிட்டு வண்ணத் திரை மாட்டினால் மோட்டாரோடு ஒத்துப்போகுமா என்று முன்பு கேட்டிருந்தேன். ஒத்துப்போனது, ஆனால் இரண்டாவது முயற்சியில்தான்.

முதலில் வாங்கியது கேன் வகை. என் மோட்டார் யூஏஆர்டி வகை. டிஸ்ப்ளேவும் மோட்டாரும் தகவல் பரிமாறிக்கொள்ளும் இரண்டு வேறு முறைகள் இவை, ஒன்றோடொன்று ஒத்துப்போகாது. பிளக் ஒரே மாதிரி இருந்ததால் ஏமாந்துவிட்டேன். திருப்பி அனுப்பிவிட்டுச் சரியானதை வாங்கினேன்.

மாட்டுவதற்கு முன் பேட்டரியைக் கழற்றி வைத்தேன். பிளக்கில் இருக்கும் இரண்டு அம்புக்குறிகளையும் நேராக வைத்து, திருகாமல் அழுத்த வேண்டும். திருகினால் உள்ளே இருக்கும் ஊசிகள் வளைந்துவிடும். இவ்வளவுதான், பத்து நிமிட வேலை.

அப்புறம்தான் வேடிக்கை. 20 கி.மீ. வேகத்தில் போனால் 18 என்று காட்டியது. செட்டிங்கில் சக்கர அளவு 26 அங்குலம் என்று இருந்தது, என்னுடையது 29. அதை மாற்றியதும் சரியானது. பேட்டரியில் மீதமுள்ள சார்ஜைக் காட்டும் அளவு மட்டும் எவ்வளவு ஓட்டினாலும் முழுசாகவே நின்றது. செட்டிங்கில் 36 வோல்ட் என்று இருந்ததை என் பேட்டரிக்கு ஏற்ப 48 ஆக்கினேன், இறங்க ஆரம்பித்துவிட்டது. இதைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்படுவேன் என்று நினைக்கவில்லை.

வெயிலில் திரை நன்றாகத் தெரிகிறது. மழையில் இன்னும் ஓட்டவில்லை.