அவசரம்: சோல் சாம்பிள் 'ரிலீஸ் ஆகவில்லை' என்று ரிஜெக்ட், உதவி தேவை

ஆம்பூர்_சோல் | வெள்ளி இரவு 9.42

எல்லோருக்கும் வணக்கம். ஏற்றுமதி ஆர்டர் ஒன்று, ரப்பர் சோல். 12 ஜோடி சாம்பிள் அனுப்பினோம். ஜெர்மனி பையர் மொத்தத்தையும் ரிஜெக்ட் செய்துவிட்டார். முன்பக்கம் சரியாக ரிலீஸ் ஆகவில்லையாம். கடினத்தன்மை ஷோர் ஏ அளவில் 62. சிராய்ப்பு, மடிப்பு டெஸ்ட் இரண்டும் பாஸ். ஸ்லிப் டெஸ்டில் எங்கள் யூனிட்டில் இதுவரை எந்த சோலும் வாங்காத நல்ல எண் வாங்கியது இது. சோல் மோல்டில் ஒட்டாமல் வர அடிக்கிற மோல்டு ரிலீஸ் ஸ்ப்ரேயை மாற்றிப் பார்த்தோம், ஒன்றும் வித்தியாசம் தெரியவில்லை. திங்கட்கிழமை காலை மறு சாம்பிள் தேதி சொல்லியாக வேண்டும். முதலாளி மணிக்கொரு தடவை போன் செய்கிறார். தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

மோல்டு_பாய் | 10.05

தம்பி, டிராஃப்ட் ஆங்கிள், அதாவது மோல்டுச் சுவரின் சரிவு, எவ்வளவு? அது தெரியாமல் ஸ்ப்ரேயை மாற்றிப் பயனில்லை. லக், அதாவது சோல் அடியில் துருத்தி நிற்கிற கட்டைகள், ஆழமாக இருந்து பக்கச்சுவர் செங்குத்தாக நின்றால் சோல் மோல்டைக் கவ்விக்கொள்ளும். ஆள் பிடித்து இழுக்கும்போது முன் நுனி நீண்டுவிடும். மூன்று டிகிரியாவது சரிவு கொடுங்கள். மூலைகளில் கரி படிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். என்னிடம் வருகிற பத்து கேஸில் எட்டு இதுதான்.

ரப்பர்_கெமிஸ்ட் | 10.20

கம்பவுண்டு என்னவென்றே சொல்லாமல் என்ன சொல்வது? இயற்கை ரப்பரா, எஸ்பிஆர் என்கிற செயற்கை ரப்பரா, கலவையா? கியூர், அதாவது ரப்பரை வேகவைப்பது, எத்தனை டிகிரி, எத்தனை நிமிடம்? அரைவேக்காட்டு சோல்தான் மோல்டில் ஒட்டும். ரப்பர் வேகுவதை அளக்கிற ரியோமீட்டர் வரைபடம் இருந்தால் போடுங்கள்.

ராணிப்பேட்டை_டிசைனர் | 10.31

எனக்கு ஒரு சின்ன சந்தேகம். சோல் மோல்டை விட்டு வராமலா ஜெர்மனி வரை போனது? உங்கள் மோல்டில் அது ஒட்டியதா இல்லையா என்பது பையருக்கு எப்படித் தெரியும்? என்ன ஷூ இது? ஒட்டுகிற சோலா, தைக்கிற சோலா? மெயிலில் இருப்பதை முழுதாகச் சொல்ல முடியுமா?

கிண்டி_சீனியர் | 10.50

கேள்வி கேட்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. ஷூவின் பெயரைக்கூடச் சொல்லாமல் சோலுக்கு வைத்தியம் கேட்கிறார் தம்பி. டாக்டரிடம் போய் 'வலிக்கிறது' என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்பது போல. நான் இந்தத் தொழிலுக்கு வந்தபோது ஷூவுக்கு உருவம் கொடுக்கிற கால் அச்சை, லாஸ்ட்டை, மரத்தில் இழைத்தோம். ஒரு சோல் வரைவதற்கு முன் மூன்று மாதம் பழைய சோல்களை அறுத்துப் பார்க்கச் சொன்னார்கள். இப்போது கம்ப்யூட்டரில் இரண்டு கோடு இழுத்துவிட்டு எல்லோரும் டிசைனர்.

ராணிப்பேட்டை_டிசைனர் | 10.54

சார், அந்த 'எல்லோரும்' யார் என்று எனக்குத் தெரியும். அதை இன்னொரு நாள் பேசுவோம்.

ஆம்பூர்_சோல் | 11.15

ஸ்கீ பூட் சார். சொல்லியிருந்தேனே. திருகு போட்டு மாட்டுகிற சோல், முன் துண்டு தனி, குதிகால் துண்டு தனி. தேய்ந்தால் கழற்றிவிட்டு வேறு மாட்டிக்கொள்ளலாம்.

மோல்டு_பாய் | 11.17

சொல்லவில்லை. மேலே ஏறிப் படித்துவிட்டு வந்தேன், ஓரிடத்திலும் இல்லை. ஸ்கீயோ ஸ்கூல் ஷூவோ, டிராஃப்ட் ஆங்கிள் எவ்வளவு?

குன்னூர்_நடையன் | 11.40

ஸ்கீ என்றால் பனி. பனி என்றால் பிடிப்பு போதாது, அவ்வளவுதான் விஷயம். லக்கை இன்னும் ஆழமாக்குங்கள், இடைவெளியைக் கூட்டுங்கள். சேறும் பனியும் லக்கிடையில் சிக்கி வெளியே விழாததைத்தான் பையர் 'ரிலீஸ் ஆகவில்லை' என்கிறார். விப்ரம் என்ற சோல் பிராண்டின் கதை தெரியுமா? 1935இல் இத்தாலியில் பூந்தா ராசிகா சிகரத்தில் பனிப்புயலில் ஆறு பேர் இறந்தார்கள். அந்தக் குழுவில் இருந்த விதாலே பிரமானிதான் மலையேற்ற பூட்டுக்கு ரப்பர் லக் சோல் கொண்டுவந்தார். 1954இல் இத்தாலியர்கள் கே-2 ஏறியதும் அந்த மாதிரி சோலில்தான். மலைக்குப் போகிற சோலுக்குப் பிடிப்புதான் உயிர்.

ரப்பர்_கெமிஸ்ட் | சனி காலை 6.55

ஸ்கீ என்று முன்பே சொல்லியிருந்தால் ஒரு ராத்திரி மிச்சமாகியிருக்கும். இது குளிர்ப் பிரச்சினை. 62 ஷோர் என்பது ஆம்பூர் வெயிலில் எடுத்த எண். மைனஸ் 20இல் அதே சோலை அளந்து பாருங்கள், எங்கேயோ ஏறியிருக்கும். குளிரிலும் இளக்கமாக நிற்கிற செயற்கை ரப்பர், பாலிபியூட்டடையீன், அதன் பங்கைக் கூட்டுங்கள்.

கிண்டி_சீனியர் | 7.30

பாலிபியூட்டடையீன் எதற்கு? நம் கன்னியாகுமரி ஷீட் ரப்பரே மைனஸ் 70 வரை கண்ணாடி போல ஆகாது. பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. ஒரு நல்ல ஆர்எஸ்எஸ்-4 தர ஷீட்டை உருளையில் ஒழுங்காகப் பிசையத் தெரிந்தால் போதும்.

ரப்பர்_கெமிஸ்ட் | 7.48

சார், அந்த மைனஸ் 70 வேறு கணக்கு. அதற்கு வெகு முன்னாலேயே, மைனஸ் 25ஐ ஒட்டி, இயற்கை ரப்பர் மெல்ல மெல்லப் படிகமாகும். ஒரு மணி நேரத்தில் தெரியாது. குளிர்க் கிடங்கில் நாட்கணக்கில் கிடந்தால் கல் மாதிரி ஆகும். அதுவும் அதே பாடப் புத்தகத்தில்தான் இருக்கிறது, இரண்டு பக்கம் தள்ளி.

சூரிச்_அண்ணை | 11.20

தம்பி ஆம்பூர், அவசரப்பட்டு மோல்டை வெட்டிவிடாதீர்கள். நான் இங்கே ஒரு விளையாட்டுக் கடையின் பட்டறையில் பதினொரு குளிர்காலம் நின்றவன். உங்கள் பையர் மோல்டைப் பற்றிக் கதைக்கவில்லை. குளிரைப் பற்றியும் இல்லை. பைண்டிங்கைப் பற்றிக் கதைக்கிறார்.

சப்பாத்தை ஸ்கீயோடு பிடித்து வைத்திருப்பது பைண்டிங். முன்னுக்கு ஒரு பிடி, பின்னுக்கு ஒரு பிடி. ஆள் விழும்போது நீளமான ஸ்கீ ஒரு பக்கம் திரும்பும், உடம்பு மற்றப் பக்கம் போகும். முறுக்கு ஓர் அளவைத் தாண்டினால் முன்பிடி பக்கவாட்டில் திறந்து சப்பாத்தை விட்டுவிட வேண்டும். அதைத்தான் ரிலீஸ் என்கிறோம். விடாவிட்டால் கீழ்க்கால் எலும்பு முறியலாம்.

சரி, சோலுக்கும் இதற்கும் என்ன? முன்பிடி திறக்கிற நேரம் சப்பாத்தின் முன்பாதம் ஒரு சின்னத் தகட்டின் மேல் பக்கவாட்டில் வழுக்கிப் போக வேண்டும். அந்தத் தகட்டை ஏஎஃப்டி என்போம். சிலதில் டெஃப்லான் ஒட்டியிருக்கும், சிலதில் தகடே காலோடு சேர்ந்து நகரும். உங்கள் 62 ஷோர் ரப்பர் அதில் போய் உட்கார்ந்தால் விடாது. எடை, உயரம், வயது, ஓடுகிற விதம், சோலின் நீளம் எல்லாம் பார்த்து நாங்கள் பைண்டிங்கில் ஓர் எண்ணை வைக்கிறோம். ரப்பர் பிடித்தால் அந்த எண் வெறும் அலங்காரம். ஸ்லிப் டெஸ்டில் நல்ல எண் வந்தது என்கிறீர்களே, அதனாலேயே ரிஜெக்ட் ஆகியிருக்கலாம்.

இப்போது நீங்கள் சொல்ல வேண்டியது: எந்த நியமம்? ஐஎஸ்ஓ 5355 என்றால் பழைய ஆல்பைன் சோல். தட்டையான கெட்டி பிளாஸ்டிக். முன் விளிம்பு உயரம் 19 மி.மீ., பின் விளிம்பு 30 மி.மீ., இரண்டிலும் ஒரு மி.மீ. கூடலாம், குறையலாம். 9523 என்றால் ஏறி நடக்கிற டூரிங் சப்பாத்து. 23223 என்றால் கிரிப்வாக். ட்ராயிங்கில் கட்டாயம் இருக்கும்.

ராணிப்பேட்டை_டிசைனர் | 11.34

அண்ணா, பிரமாதம். ஆம்பூர், மெயிலில் டார்க், அதாவது முறுக்கு விசை, என்ற சொல் இருந்ததா?

ஆம்பூர்_சோல் | 12.10

இருந்தது. டார்க் அதிகம் என்று ஒரு வரி. பிரஸ் மெஷின் டார்க்கைச் சொல்கிறார் என்று நினைத்து விட்டுவிட்டேன். ட்ராயிங் மூலையில் 23223 என்று இருக்கிறது. அது அவர்களுடைய கம்பவுண்டு கோடு என்று ஸ்டோரில் சொன்னார்கள்.

கிண்டி_சீனியர் | 12.25

கம்பவுண்டு கோடு! இதைத்தான் நேற்று இரவே சொன்னேன்.

மோல்டு_பாய் | 12.27

நேற்று இரவு நீங்கள் சொன்னது மர லாஸ்ட் கதை சார்.

குன்னூர்_நடையன் | 12.40

எனக்கு ஒன்று புரியவில்லை. வழுக்க வேண்டும் என்றால் ரப்பர் எதற்கு? முழுக்க பிளாஸ்டிக்கிலேயே செய்துவிட்டுப் போகலாமே. பிடிக்காத சோல் ஒரு சோலா?

சூரிச்_அண்ணை | 12.58

முழுக்க பிளாஸ்டிக்தான் காலங்காலமாக இருந்தது. அதைப் போட்டுக்கொண்டு வாகனத் தரிப்பிடத்திலிருந்து லிஃப்ட் வரைக்கும் ஐஸில் ஒருக்கால் நடந்து பாருங்கள், விளங்கும். பூச்சியத்தை ஒட்டி நனைந்திருக்கிற ஐஸ்தான் மோசம், மைனஸ் 20இல் இவ்வளவு வழுக்காது. அந்த நடைக்காக வந்ததுதான் கிரிப்வாக். நடக்கத் தோதாக அடி கொஞ்சம் வளைந்திருக்கும், லக் ரப்பரில் இருக்கும், ஆனால் ஏஎஃப்டி தொடுகிற இடம் மட்டும் ரப்பர் இல்லாத வழுவழுப்பான கெட்டி பிளாஸ்டிக். அதற்கென்று அங்கீகரித்த பைண்டிங்கில்தான் போட வேண்டும், பழைய ஆல்பைன் பைண்டிங்கில் போடக் கூடாது.

நோர்வேயில் இருக்கிற என் மச்சான் ஓடுகிற கிராஸ் கன்ட்ரி ஸ்கீயின் சோல் முற்றிலும் வேறு. அதில் குதிகால் கட்டப்படவே இல்லை. விரல் முனைக்குக் கீழே ஒரு குறுக்குக் கம்பி, அதில் மட்டும்தான் பிடி. முன்பாதம் வளைய வேண்டும், ஆனால் சோல் முறுகக் கூடாது. ஸ்கீ சோல் என்று பொதுவாகக் கேட்டால் பதில் சொல்ல முடியாது.

ராணிப்பேட்டை_டிசைனர் | 1.15

குன்னூர் சார், பிடிக்காத சோல் நிறையவே இருக்கிறது. பந்தை உருட்டி பின்களை விழுத்துகிற பௌலிங் ஆடும் வலது கைக்காரரின் இடது ஷூ அடி வழுக்குவதற்கென்றே செய்தது, வலது ஷூ உந்துவதற்கு. ஜோடி ஷூ, ஆனால் ஜோடி சோல் இல்லை. ஐஸில் கல்லைத் தள்ளி விளையாடுகிற கர்லிங்கிலும் ஒரு காலில் டெஃப்லான், மறுகாலில் ரப்பர். சுழன்று வட்டு எறிகிறவர்களின் ஷூ அடியில் லக்கே கிடையாது. களிமண் டென்னிஸ் கோர்ட்டுக்கு மீன்முள் வடிவம் போடுவதும் மண்ணை உதிர்த்துவிட்டு அளவாகச் சறுக்கத்தான்.

கிண்டி_சீனியர் | 1.40

பௌலிங், கர்லிங் எல்லாம் பொழுதுபோக்கு. ஓட்டத்துக்கு வாருங்கள். இன்று ஓட்டக்காரர் கால் வைப்பது சோலில் இல்லை, மெத்தையில். 40 மி.மீ. உயரம், நடுவில் கார்பன் தகடு. அது ஷூவா, ஸ்பிரிங்கா? எங்கள் காலத்தில் கால் ஓடியது.

ரப்பர்_கெமிஸ்ட் | 1.52

40 என்பது சாலை ஓட்டத்துக்கு உலகத் தடகள அமைப்பு வைத்த உச்ச வரம்பு, தகடும் ஒன்றுக்கு மேல் கூடாது. டிராக்கில் 2024 நவம்பரிலிருந்து 20 மி.மீ.தான். நுரையில் திரும்பக் கிடைக்கும் சக்தியைக் கணக்குப் போடாமல் ஸ்பிரிங் என்று சொல்வது சரியில்லை.

குன்னூர்_நடையன் | 2.05

கணக்கு எதற்கு? வெறுங்காலில் ஓடினால் எனக்கு முட்டி வலியே வருவதில்லை. நான் நான்கு வருடமாக ஓடுகிறேன்.

ரப்பர்_கெமிஸ்ட் | 2.11

கோயம்புத்தூர் தார் ரோட்டில் மே மாதம் ஓடிவிட்டு வந்து சொல்லுங்கள்.

*(இதன் பிறகு வெறுங்கால் ஓட்டம் பற்றிய 14 பதிவுகள் தனி இழைக்கு மாற்றப்பட்டன. தயவுசெய்து சோலுக்கு வாருங்கள். – நெறியாளர்)*

சூரிச்_அண்ணை | மாலை 6.30

தம்பி ஆம்பூர், இருக்கிறீர்களா? முன் துண்டைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள். பெருவிரல் எலும்புக்கு முன்னால், நடுவில், ட்ராயிங்கில் வேறு நிறம் காட்டியிருக்கிறதா? உங்கள் சாம்பிளில் அந்த இடத்தில் என்ன இருக்கிறது?

ராணிப்பேட்டை_டிசைனர் | 6.41

அந்த இடம் பிளாஸ்டிக்காகவே இருந்தாலும் இன்னொன்று பார்க்க வேண்டும். பக்கத்து லக் அதைவிட உயரமாக நின்றால் ஏஎஃப்டியில் முதலில் படுவது ரப்பர்தான். ரப்பர் ஒன்றரை, இரண்டு சதவீதம் சுருங்கும், பிளாஸ்டிக் அந்த அளவுக்குச் சுருங்காது. இரண்டுக்கும் ஒரே சுருக்கம் போட்டு மோல்டு வெட்டினால் விளிம்பு உயரமும் திருகு ஓட்டையும் சேர்ந்து தவறும். வெர்னியர் வைத்து அளந்து போடுங்கள். அப்புறம், உங்கள் ஸ்லிப் டெஸ்ட் எது? ஐஎஸ்ஓ 13287 என்றால் அது செராமிக் ஓட்டில் சோப்புத் தண்ணீர் ஊற்றி எடுப்பது. பைண்டிங்கைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

கிண்டி_சீனியர் | 9.15

ஆளைக் காணோம். இப்படித்தான். எல்லோருடைய நேரத்தையும் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

மோல்டு_பாய் | 9.20

சனிக்கிழமை ராத்திரி சார். பிள்ளை பேக்டரியில்தான் இருக்கும்.

ஆம்பூர்_சோல் | செவ்வாய் இரவு 10.08

மன்னிக்கவும், பேக்டரியில் மாட்டிக்கொண்டேன். சூரிச் அண்ணா சொன்னதுதான். ட்ராயிங்கில் அந்த இடம் சாம்பல் நிறம், டிபியு, அதாவது ஒரு வகை பிளாஸ்டிக், என்று எழுதியிருந்தது. ஒரே ஷாட்டில் முடித்தால் ஜோடிக்குச் செலவு குறையும் என்று முழுக்க ரப்பரிலேயே அடித்துவிட்டோம். பக்கத்து லக்கும் முக்கால் மி.மீ. உயரம். பையரிடம் உண்மையைச் சொல்லி மூன்று வாரம் வாங்கியாயிற்று. டிபியு துண்டுக்குத் தனி மோல்டு கொடுத்துவிட்டோம். இந்தத் தடவை அவர்களிடமிருந்து ஒரு பைண்டிங்கும் கேட்டிருக்கிறோம், இங்கேயே மாட்டிப் பார்க்க. எல்லோருக்கும் நன்றி. முதலாளி கூப்பிடுகிறார்.

சூரிச்_அண்ணை | 10.30

நல்லது தம்பி. மாட்டிப் பார்க்கும்போது தகட்டையும் சோலையும் நனைத்து ஒரு தடவை, காயவைத்து ஒரு தடவை பாருங்கள். கொஞ்சம் மண் தேய்த்தும் பாருங்கள். சனம் சரளைக் கல்லில் நடந்துவிட்டு அப்படியே வந்துதான் மாட்டும்.

மோல்டு_பாய் | 10.44

தம்பி, புது மோல்டில் டிராஃப்ட் ஆங்கிள் எவ்வளவு வைத்தீர்கள்?