உகாண்டா கிராமப் பள்ளியில் பத்து மாசம்: தண்ணி, காய்ச்சல், சாப்பாடு பற்றி விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க

தக்கலைக்காரி:

எல்லாருக்கும் வணக்கம். பி.எட். முடிச்சிருக்கேன். வர்ற ஜனவரி கடைசியில வடக்கு உகாண்டாவுக்குத் தன்னார்வ ஆசிரியையா போறேன். குலு நகரத்துல இருந்து 30 கிலோமீட்டர் உள்ள ஒரு கிராமத் தொடக்கப்பள்ளி. பத்து மாசம் இருக்கணும். தங்குறதுக்குத் தகரக்கூரை போட்ட ரெண்டு ரூம். கரண்ட் கிடையாது. அடிகுழாய் 400 மீட்டர் தள்ளி. கக்கூஸ் வெளியில, குழி தோண்டினது. பெட்டி ரெண்டு, ஒவ்வொண்ணும் 23 கிலோ வரை கொண்டு போகலாம்.

ஊசி, மலேரியா மாத்திரை எப்போ ஆரம்பிக்கணும்? குடிதண்ணிக்கு என்ன வழி? செல்போன் சார்ஜுக்கு சோலார் இங்கேயே வாங்கிட்டுப் போகவா? அம்மா ஒரு பெட்டி முழுக்க அரிசியும் நெத்திலிக் கருவாடும்தான் வைக்கணும்னு நிக்கிறாங்க. அது தேவையா?

கருங்கல் செவிலி:

தங்கச்சி, முதல்ல மஞ்சள் காய்ச்சல் ஊசி. உகாண்டாவுக்குள்ள நுழையவும் அது வேணும், திரும்பி இந்தியாவுக்குள்ள வரவும் வேணும். சாதாரண ஆஸ்பத்திரியில போட மாட்டாங்க. அரசு அங்கீகாரம் உள்ள மையத்துலதான் போடணும். நமக்குத் தூத்துக்குடி துறைமுக சுகாதார அலுவலகம் பக்கம், இல்லேன்னா சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட். வாரத்துல சில நாள்தான் போடுவாங்க, போன்ல கேட்டுட்டுக் கிளம்புங்க. பாஸ்போர்ட் கையில இருக்கணும். ஊசி போட்டு 10 நாள் கழிஞ்ச பிறகுதான் சான்றிதழ் செல்லும், அதனால கடைசி வாரத்துக்குத் தள்ளாதீங்க. ஒரு தடவை போட்டா ஆயுசுக்கும் போதும். முட்டை அலர்ஜி இருந்தா முன்கூட்டியே சொல்லணும். கூடவே டைபாய்டு, மஞ்சள் காமாலை ஏ, டெட்டனஸ், மூளைக்காய்ச்சல் (மெனிஞ்சைட்டிஸ்) ஊசிகளையும், நாய்க்கடிக்கு முன்கூட்டியே போடுற ரெண்டு டோஸையும் டாக்டர்கிட்ட கேட்டு முடிச்சிருங்க.

இனி மலேரியா. இதுலதான் நம்ம ஊர்க்காரங்க தப்பு பண்றது. இங்க காய்ச்சல் வந்தா ஒரு பாராசிட்டமால், சுக்குக் காப்பி, மூணு நாள் பார்ப்போம்னு இருப்போம். அங்க அந்த மூணு நாள் கிடையாது. அங்க இருக்கிறது பெரும்பாலும் பால்சிபாரம் வகை. ஒரே நாள்ல மூளை, கிட்னி வரை போயிரும். உடம்பு சூடானா அன்னைக்கே டெஸ்ட். விரல்ல குத்தி ஒரு சொட்டு ரத்தம் விட்டுப் பார்க்கிற கிட் குறைஞ்சது பத்து கையில வச்சிருங்க. முதல் டெஸ்ட்ல ஒண்ணும் இல்லேன்னு வந்தும் காய்ச்சல் விடலேன்னா, 12 முதல் 24 மணி நேரத்துக்குள்ள திரும்பப் பாருங்க.

தடுப்பு மாத்திரையில மூணு வகை. டாக்ஸிசைக்ளின் 100 மில்லிகிராம், தினமும் ஒண்ணு. கிளம்புறதுக்கு ஒண்ணு ரெண்டு நாள் முன்னாடி ஆரம்பிச்சு, திரும்பி வந்து 4 வாரம் வரை. இதைச் சாப்பாட்டோட, ஒரு டம்ளர் நிறைய தண்ணியோட முழுங்கணும். முழுங்கிட்டு அரை மணி நேரம் படுக்கக் கூடாது, படுத்தா தொண்டைக்குழலைப் புண்ணாக்கிரும். பாலோட, இரும்புச்சத்து மாத்திரையோட சேர்த்துப் போட்டா சரியா ஏறாது. வெயில் பட்டா தோல் கருகும், குடையும் முழுக்கைச் சட்டையும் வேணும். அட்டோவாகுவோன் புரோகுவானில் தினமும் ஒண்ணு, திரும்பி வந்து 7 நாள் போதும், ஆனா விலை கூட. மெஃப்ளோகுவின் வாரம் ஒண்ணு, 2 வாரம் முன்னாடியே ஆரம்பிக்கணும். மனச்சோர்வோ வலிப்போ எப்பவாவது வந்தவங்களுக்கு அது ஆகாது. குளோரோகுவின் அங்க வேலை செய்யாது, யாராவது மலிவா வாங்கித் தந்தா வாங்காதீங்க.

மாத்திரை போட்டாலும் மலேரியா வரலாம். வந்தா ஆர்டிமெதர்-லூமெஃபாண்ட்ரின். பெரியவங்களுக்கு 4 மாத்திரை ஒரு வேளை, மொத்தம் 6 வேளை. முதல் வேளைக்கு அடுத்தது சரியா 8 மணி நேரத்துல, அப்புறம் ரெண்டு நாள் காலையும் ராத்திரியும். வெறும் வயித்துல போட்டா பாதி வீண். கொழுப்பு வேணும், நிலக்கடலை விழுது ஒரு கரண்டி போதும். ஒரு மணி நேரத்துக்குள்ள வாந்தி எடுத்தா அந்த வேளையைத் திரும்பப் போடணும். ரெண்டாம் நாளே உடம்பு லேசாகும், அதுக்காக நிறுத்திராதீங்க. மாத்திரை தங்காம வாந்தி, மயக்கம், மூச்சிரைப்பு, கறுப்புக் காப்பி நிறத்துல சிறுநீர், இதுல எது வந்தாலும் வீட்ல இருக்காதீங்க. குலுவுல லாக்கோர் மருத்துவமனை இருக்கு. நடு ராத்திரி யாரு வண்டியில போறதுன்னு போன முதல் வாரமே பேசி வச்சிருங்க.

குலசேகரம்காரன்:

தண்ணி பற்றி நான் சொல்றேன். அங்க நீங்க பார்க்கப் போற அடிகுழாய் நமக்குப் பழகினதுதான். பெரும்பாலும் இந்தியா மார்க் 2 இல்லேன்னா அதோட உகாண்டா வடிவம். 1970கள்ல யூனிசெஃப்போட சேர்ந்து சென்னை ரிச்சர்ட்சன் அண்ட் குருடாஸ் செஞ்ச அதே பம்பு, நம்ம பஞ்சாயத்துத் தெருக்கள்ல நிக்கிறது.

நிமிஷத்துக்கு 40 அடி அடிச்சா சுமார் 12 லிட்டர் வரும். 20 லிட்டர் மஞ்சள் கேன் ரெண்டு நிமிஷத்துக்குள்ள நிறையும். ஒரு ஆளுக்கு நாளைக்கு ரெண்டு கேன் கணக்கு வையுங்க. துணி துவைக்கிற அன்னைக்கு நாலு. டிசம்பர் முதல் மார்ச் வரை மழை இல்லாத காலம். அப்போ விடியுறதுக்கு முன்னாடியே வரிசை நிக்கும், நீங்க போய் இறங்குறதும் அந்தச் சமயம்தான்.

பம்பு பேசுறதைக் காதால கேட்கலாம். கைப்பிடி சும்மா லேசா இறங்குது, தண்ணியே இல்ல: உள்ள கம்பி கழண்டிருக்கு, அல்லது வாஷர் தேஞ்சு போச்சு. பத்து இருபது அடி வெறுமனே அடிச்ச பிறகுதான் தண்ணி வருது: அடி வால்வு கசியுது, இல்ல குழாய் இணைப்பு ஓட்டை. ராத்திரியில குழாய்த் தண்ணி மொத்தமும் கீழ இறங்கிரும், அதான் காலையில தாமதம். கைப்பிடி பக்கவாட்டுல ஆடுது: பேரிங் போச்சு, இல்ல அச்சு நட்டு லூசு. கிரீச்சுன்னு சத்தம்: செயினுக்கு கிரீஸ் இல்ல. மார்க் 2 பம்புல வாஷர் மாத்தணும்னா கூட 3 மீட்டர் குழாய் ஒவ்வொண்ணா மேல இழுத்து எடுக்கணும், ஆள் கட்டும் கருவியும் வேணும். அதுக்குத்தான் ஒவ்வொரு குழாய்க்கும் தண்ணிக் குழுவும் பொறுப்பாளரும் இருக்காங்க, வீட்டுக்கு இவ்வளவுன்னு காசு பிரிப்பாங்க. நீங்க உங்க பங்கைத் தவறாம குடுங்க. ரிப்பேர் செலவு முழுக்க நானே தர்றேன்னு மட்டும் போகாதீங்க. அடுத்த மாசம் யாரும் காசு போட மாட்டாங்க, நீங்க கிளம்பின பிறகு குழாய் அப்படியே நிக்கும்.

முதல் தண்ணி சிவப்பா வந்தா அது இரும்புக் குழாய் அரிச்சுப் போறது. அந்தத் தண்ணியில தேயிலை போட்டா கறுத்து மை மாதிரி ஆகும். உடம்புக்கு ஒண்ணும் ஆகாது, வாய்க்குத்தான் பிடிக்காது. காலையில முதல் கேனைப் பாத்திரம் கழுவ வச்சுக்கோங்க.

அடிகுழாய் தண்ணி பெரும்பாலும் நல்லாத்தான் இருக்கும். கெடுக்கிறது கேன். உள்ள பச்சையா பாசி பிடிச்சிருக்கும், கையை விட முடியாது. ஒரு கை பரல் மணலும் சோப்புத் தண்ணியும் போட்டு, மூடி, குறுக்கும் நெடுக்குமா அஞ்சு நிமிஷம் ஆட்டுங்க. வாரம் ஒரு தடவை. குடிக்கிறதைக் கொதிக்க வையுங்க, நல்லா குமிழி விட்டு ஒரு நிமிஷம் போதும், பத்து நிமிஷம் வச்சுக் கரியை வீணாக்க வேண்டாம். குளோரின் மாத்திரைன்னா 67 மில்லிகிராம் ஒண்ணு தெளிஞ்ச தண்ணி 20 லிட்டருக்கு, அரை மணி நேரம் காத்திருக்கணும். சிவப்புத் தண்ணியில மருந்து இரும்போட சேர்ந்து வீணாகும், முதல்ல தெளிய விடுங்க.

சோலார் பேட்டரியை இங்கேர்ந்து தூக்க வேண்டாம், குலு டவுன்ல வாங்குங்க. கணக்கு இதுதான்: 20 வாட் பேனல் நல்ல வெயில்ல ஒரு நாளைக்கு 100 வாட்-மணி தரும், நஷ்டம் போக 60, 70 நிக்கும். போன் ஒரு சார்ஜ் சுமார் 15. 3 வாட் பல்பு அஞ்சு மணி நேரம் இன்னொரு 15. மழைக்காலத்துல இது பாதியாகும்னு வச்சாலும் ஒரு ஆளுக்கு ஓடும். பூமத்தியரேகைக்குப் பக்கம்தான், ஆனாலும் பேனலைத் தட்டையா வைக்காதீங்க. 10, 15 டிகிரி சாய்ச்சா மழையே தூசியைக் கழுவும். பவர் பேங்க் 20,000 கைப்பையில கொண்டு போகலாம், பெட்டியில போட்டா எடுத்து வெளிய வச்சிருவாங்க. அங்க சாக்கெட் சதுரக்கால் மூணு, நம்ம உருண்டைக்கால் ஏறாது. அடாப்டர் ரெண்டு எடுங்க.

மார்த்தாண்டம் அக்கா:

மக்களே, அம்மாகிட்ட சொல்லு, அரிசி வேண்டாம், அங்க கிடைக்கும். நெத்திலியும் வேண்டாம். சந்தையில முகேனேன்னு கேட்டா ஏரியில பிடிச்சுக் காயவச்ச பொடி மீன் தருவாங்க, பார்க்க நம்ம நெத்திலிக் கருவாடுதான். மணல்ல போட்டுக் காயவைக்கிறதால நறநறன்னு இருக்கும். வெதுவெதுப்பான தண்ணியில ஊறவச்சு, அலசி, மேல மிதக்கிறதை மட்டும் கையால அள்ளி எடு, பாத்திரத்தைக் கவிழ்க்காதே. நாலஞ்சு தடவை இப்படி அள்ளினா அடியில மண்ணு தங்கிரும்.

தேங்காய்தான் கிடைக்காது. அதுக்குப் பதில் நிலக்கடலையும் எள்ளும் அரைச்ச விழுது, ஓடின்னு சொல்வாங்க. குழம்புக்கு அதைக் கடைசியில கரைச்சு விடு, முதல்லயே விட்டா அடிபிடிக்கும். புளி அங்க காட்டுலயே நிக்குது, புளிக்கு ஆப்பிரிக்காதானே தாய்வீடு. மலக்வாங்னு ஒரு கீரை, நம்ம புளிச்சகீரை இனம், கடலை விழுது போட்டு வைப்பாங்க, நீ முதல் நாளே ரெண்டாம் தரம் கேட்பே. கேழ்வரகுக் களிக்கு க்வோன் கால்னு பேரு. சோள மாவுக் களின்னா ஒரு கப் மாவுக்கு ரெண்டு, ரெண்டரை கப் தண்ணி. தண்ணி கொதிச்ச பிறகு மாவைக் கொஞ்சம் கொஞ்சமா போட்டுக் கிண்டணும், விளிம்புல இருந்து களி தானா விட்டு வரணும். பீன்ஸை ராத்திரியே ஊறப்போடு, இல்லேன்னா ஒரு சட்டிக் கரியை அதுவே தின்னுரும்.

இப்ப முக்கியமானது. மரச்சீனி, அதான் மரவள்ளி, கண்டதும் நம்ம கிழங்குன்னு நினைச்சுச் சுட்டுத் தின்னுராதே. அங்க கசப்பு வகையும் நடுவாங்க, அதுல விஷம் கூட. அதை அவங்க குவிச்சுப் புளிக்கவச்சு, காயவச்சு, மாவாக்கித்தான் எடுப்பாங்க. எந்த வகைன்னு கேட்டு வாங்கு. இனிப்பு வகையையும் தடித்தோல் முழுக்க உரிச்சு, நடு நாரை எடுத்து, மூடாத பாத்திரத்துல நிறைய தண்ணி விட்டு வேகவச்சு அந்தத் தண்ணியை வடிச்சிரு. நம்ம வீட்ல எப்பவும் செய்றதுதான், அங்க அவசரத்துல விட்டுராதே. வாயில வச்சுக் கசந்தா துப்பிரு.

பெட்டியில மல்லிப்பொடி, மஞ்சள், கடுகு, காயம் ஒரு கிலோ போதும். தேங்காய் எண்ணெய் வாய் அகலமான டப்பாவுல எடு, ராத்திரி குளிருக்கு உறைஞ்சிரும்.

தக்கலைக்காரி:

ரொம்ப நன்றி. பக்கத்துல ஒரு குளம் இருக்காம். துணி துவைக்க, குளிக்க அங்க போகலாமா? துணி காயவைக்கிறதுல ஏதோ பிரச்சினைன்னும் கேள்விப்பட்டேன்.

கருங்கல் செவிலி:

குளத்துல இறங்கவே கூடாது தங்கச்சி. நம்ம ஊர்ல பிறந்தவங்களுக்கு இது கஷ்டம்தான், குளம் கண்டா கால் போகும். அங்க நத்தையில இருந்து வர்ற புழு தண்ணியில நீந்திட்டு இருக்கும், தோலைத் துளைச்சு உள்ள போயிரும், பில்ஹார்சியான்னு பேரு. முழங்கால் அளவு நின்னாலே போதும். வாரக்கணக்குல ஒண்ணும் தெரியாது, அப்புறம் வயிறும் ஈரலும் கெடும். இறங்கிட்டீங்கன்னா டாக்டர்கிட்ட மறைக்காதீங்க, பிராசிகுவான்டல் எடை பார்த்துத் தருவாங்க.

துணியைப் புல்லுமேலயும் வேலிமேலயும் போடாதீங்க. ஈரத்துணியில ஒரு வகை ஈ முட்டை போடும், மாம்பழ ஈன்னு சொல்வாங்க. அந்தத் துணியை உடுத்தா புழு தோலுக்குள்ள போய், நடுவுல கறுப்புப் புள்ளியோட கொப்புளமா வரும். கொடியில, நல்ல வெயில்ல போட்டு, எல்லாத்தையும் இஸ்திரி போடுங்க. உள்ளாடை, இடுப்புப் பட்டி, தையல் மடிப்பு, துண்டு, இதுகள்தான் முக்கியம். அங்கயும் கரிப்பெட்டிதான், நம்ம சிரட்டைக்கரிப் பெட்டி மாதிரியே. வந்துருச்சுன்னா நசுக்காதீங்க. கொப்புளத்து வாய்ல வாசலின் கனமா பூசி மூச்சை அடைங்க, புழு தலை நீட்டும்போது இடுக்கியால எடுக்கலாம்.

செருப்பில்லாம மண்ணுல நடக்காதீங்க, கால் நகத்தடியில உண்ணி மாதிரி ஒண்ணு புகுந்து முட்டை வைக்கும். மாதவிலக்குக்குத் துணிப் பேடோ கப்போ எடுங்க. துணிப் பேடுக்கும் இதே இஸ்திரி விதி.

குலசேகரம்காரன்:

ஒண்ணு விட்டுப் போச்சு. ஐஎஸ்ஐ ஹெல்மெட் ஒண்ணு பெட்டியில வையுங்க. அங்க போக்குவரத்து முழுக்க போடா போடான்னு சொல்ற பைக் டாக்ஸிதான், பின்னாடி உட்கார்றவங்களுக்கு ஹெல்மெட் பெரும்பாலும் இருக்காது. சைலன்சர் பக்கம் காலை வச்சு இறங்காதீங்க, கெண்டைக்கால் வெந்திரும். ஒரு வண்டியில மூணாவது ஆளா ஏறாதீங்க.

விசாவும் பாருங்க. சுற்றுலா விசாவுல வகுப்பெடுக்கக் கூடாது, பணி அனுமதிக்கு உங்களைக் கூப்பிடுற அமைப்பு என்ன செஞ்சிருக்குன்னு எழுத்துல வாங்குங்க. வகுப்பு மூணு வரை அங்க தாய்மொழியிலதான் நடத்துவாங்க, அதனால நாலாம் வகுப்புக்கு மேல கேளுங்க.

கருங்கல் செவிலி:

திரும்பி வந்த பிறகு மூணு மாசம் வரைக்கும் எந்தக் காய்ச்சல் வந்தாலும், ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில காட்டினாலும் தெருமுனை கிளினிக்கில காட்டினாலும், டாக்டர் கேட்கிறதுக்கு முன்னாடி நீங்களே சொல்லணும்: உகாண்டாவுல இருந்து வந்திருக்கேன், மலேரியா ஸ்மியர் (ரத்தப் பரிசோதனை) எடுங்க. இங்க பார்க்கிறவங்களுக்கு டெங்குவும் எலிக்காய்ச்சலும்தான் முதல்ல நினைவு வரும்.