மறு: குவிய மண்டலமா, குவியப் பொறுதியா?

அண்ணாச்சிக்கு வணக்கம்.

நம் வானியல் சொற்பட்டியலில் 'கிரிட்டிக்கல் ஃபோகஸ் ஸோன்' என்பதற்கு நீங்கள் முன்வைத்த 'குவிய மண்டலம்' எனக்கு ஒப்பவில்லை. மண்டலம் என்றதும் வளிமண்டலம், சூரிய மண்டலம் என்று பெரிய பரப்புதான் மனதில் வருகிறது. நாம் பெயர் தேடுவதோ தலைமுடிப் பருமனே உள்ள ஓர் இடைவெளிக்கு. கேமராவின் உணரி அதற்குள் எங்கே நின்றாலும் விண்மீன் புள்ளியாக விழும். தாண்டினால் உப்பிவிடும்.

கணக்கைப் பாருங்கள்: 4.88 × அலைநீளம் × குவிய விகிதத்தின் (குவியத் தூரத்தைத் தொலைநோக்கி வாயின் விட்டத்தால் வகுத்தது) இருமடி. பச்சை ஒளிக்கு 0.55 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) என்று வைத்தால், எஃப்/5, அதாவது குவிய விகிதம் 5 உள்ள தொலைநோக்கிக்கு ஏறக்குறைய 67 மைக்ரான் வருகிறது. எஃப்/10 என்றால் நான்கு மடங்கு, 268. விகிதம் கூடக் கூடக் கருவி அதிகப் பிசகைப் பொறுத்துக்கொள்கிறது. பொறுக்கும் அளவுக்குத்தான் பெயர் வேண்டும். அதனால் 'குவியப் பொறுதி' என்கிறேன்.

வேலை நடக்கும் இடத்தில் சொல்லிப் பார்ப்போம். மணிமுத்தாறு பக்கம் மாசி இரவு. குவியம் பிடிக்க ஒரு விண்மீன் வேண்டும். துருவ நட்சத்திரம் நமக்கு ஏறக்குறைய 9 பாகைதான் ஏறும், அடிவானத் தூசியில் மங்கிக் கிடக்கும். சிரியஸ் 65 பாகை வரை ஏறும், அங்கே காற்றின் அலைக்கழிப்பும் குறைவு. தொலைநோக்கிக் குழாய் வாயில், குவியம் சரிபார்க்க உதவும் பக்தினோவ் மூடியைப் பொருத்தி, சிரியசைத் திரையில் பெருக்கிப் பார்த்தால் மூன்று ஒளிக்கீற்றுகள். இரண்டு பெருக்கல் குறியாக வெட்டிக்கொள்ளும். மூன்றாவது, குவியக் குமிழைத் திருகத் திருக ஒரு பக்கமிருந்து மறுபக்கம் நகரும். அது சரியாக நடுவில் வந்ததும் குமிழைப் பூட்டிவிட்டு மூடியைக் கழற்றுகிறோம்.

அப்புறம் மலைக்குளிர் இறங்குகிறது. ஒரு மீட்டர் அலுமினியக் குழாய் ஒரு டிகிரி குளிர்ந்தால் 23 மைக்ரான் சுருங்கும், நான்கு டிகிரிக்கு 92. எஃப்/5-இன் 67-ஐ இது தாண்டிவிட்டது. "சுருக்கம் பொறுதியைத் தாண்டிடுச்சு, திரும்பக் குவியம் பிடி" என்று பக்கத்தில் நிற்பவரிடம் சொன்னால் உடனே விளங்கும். இதே இடத்தில் 'மண்டலம்' போட்டுச் சொல்லிப் பாருங்கள், நாக்கு ஒத்துழைக்காது.

பொறுதி என்றால் பொறுமைதானே என்று ஒருவர் கேட்டிருந்தார். ஆமாம், "கொஞ்சம் பொறுதியா இரு" என்று நம் பக்கம் சொல்லும் அதே சொல்தான். கடைசல் பட்டறையில் டாலரன்ஸ் என்கிற அளவுக்கும் இதையே வைக்கலாம். 'குவிய ஆழம்' வேண்டாம். புகைப்படக்காரர்கள் பேசும் புல ஆழத்தோடு (படத்தில் தெளிவாக விழும் தூர வீச்சு) குழம்பும்.

இன்னொன்று. பட்டியலில் 'பக்தினோவ் முகமூடி' என்று இருக்கிறது. ரஷ்ய வானியல் ஆர்வலர் பாவெல் பக்தினோவ் உருவாக்கியது, அவர் பெயர் இருக்கட்டும். ஆனால் அது வரிவரியாக வெட்டிய ஒரு தகட்டு மூடி, முகத்தில் மாட்டுவது அல்ல. 'பக்தினோவ் கீற்றுமூடி' என்று மாற்றலாமா? வெட்டும் கீற்று, விழும் ஒளியும் கீற்று. இரண்டு சொல்லையும் பட்டியலில் ஏற்றும் முன் உங்கள் கருத்தை எழுதுங்கள், அண்ணாச்சி.