அட்டாக் இல்லை, ஆனா செருப்பு கழலுது: எம்.எஸ். அனுபவங்கள்

எனக்கு எம்.எஸ். (மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ், மூளையையும் தண்டுவடத்தையும் பாதிக்கற நரம்பு நோய்) வந்தது 2012-ல. ஒரு காலையில வலது கண் மங்கலாச்சு, மூணு வாரத்துல சரியாயிடுச்சு. ஃபைல்ல "ரிலாப்சிங் ரெமிட்டிங்"னு எழுதினாங்க, அதாவது அட்டாக் (இப்படித் திடீர்னு வர்ற பாதிப்பு) வந்து வந்து போற வகை. அதுக்கப்புறம் டாக்டர்கிட்ட போற ஒவ்வொரு தடவையும் ஒரே கேள்விதான். "புதுசா அட்டாக் வந்துச்சா?" இல்லைங்க சார். "எம்.ஆர்.ஐ.யும் அப்படியேதான் இருக்கு. நல்லா இருக்கீங்க."

ஆனா தெருமுனை போறதுக்குள்ள இடது கால் செருப்பு கழண்டு எங்கேயோ கிடக்கும். பின்னாடி வர்றவங்க கூப்பிட்டுச் சொன்னாத்தான் தெரியும். வெயில்னு நினைச்சேன், வயசுனு நினைச்சேன். போன வருஷம் வேற ஒரு டாக்டரம்மா செருப்பைக் கழட்டச் சொல்லி, திருப்பிப் பார்த்தாங்க. இடது செருப்பு விரல் பக்கம் மட்டும் தேய்ஞ்சு ஓட்டையாகப் போகுது. "அட்டாக் இல்லாமலே நோய் நகர்ந்திருக்கும்மா"ன்னாங்க.

அவங்க சொல்லித்தான் தெரியும்: எம்.எஸ்.ஸை இப்படி நாலு வகையாப் பிரிச்சது 1996-ல, டாக்டர்கள்கிட்ட கருத்து கேட்டுத்தானாம். இப்போ பல ஆராய்ச்சியாளர்கள், நாலும் தனித்தனி நோய் இல்லை, அட்டாக் இல்லாதப்பவும் நோய் உள்ளே மெல்லப் புகையுறது ஆரம்பத்துலேர்ந்தே இருக்குங்கறாங்களாம்.

—

அக்கா, என் தம்பி கதை வேற. 2010-ல அவன் ஃபைல்ல "ப்ரோக்ரெசிவ் ரிலாப்சிங்", அதாவது ஆரம்பத்துலேர்ந்தே மெல்ல மோசமாகி, நடுநடுவே அட்டாக்கும் வர்ற வகை. 2013-ல வகைகளைத் திருத்தினப்போ அந்தப் பேரையே எடுத்துட்டாங்க. ப்ரைமரி ப்ரோக்ரெசிவ்லயே (ஆரம்பத்துலேர்ந்தே மெல்ல மெல்ல மோசமாகற வகை) சேர்த்து, "நோய் இப்போ துடிப்பா இருக்கா, ஊனம் கூடுதா"ன்னு ரெண்டையும் தனித்தனியா குறிக்கணும்னாங்க. கேட்க நல்லாத்தான் இருந்துச்சு. எங்களுக்கு அந்தப் பேருக்கு மருந்து உண்டாங்கறதுதான் கேள்வி. ப்ரைமரி ப்ரோக்ரெசிவ்வுக்குன்னு அமெரிக்காவுல முதல் மருந்துக்கு அனுமதி கிடைச்சதே 2017-லதான், ஓக்ரெலிசுமாப். அதுக்குள்ள அவன் வாக்கருக்கு வந்துட்டான்.

—

எனக்கும் அந்தப் பயம்தான் தம்பி. "செகண்டரி"ன்னு (வந்து போற வகை பிறகு மெல்ல மோசமாகற வகையா மாறினது) எழுதிட்டா இப்போ போடற மருந்தை நிறுத்திடுவாங்களோன்னு செருப்பு விஷயத்தை ரெண்டு வருஷம் சொல்லவே இல்லை. என் தப்புதான்.

இப்போ வராந்தாவுல 25 அடி அளந்து சாக்பீஸ் கோடு போட்டிருக்கேன். மாசம் ஒருநாள், சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் நடப்பேன், பொண்ணு மொபைல்ல நேரம் பார்ப்பா. நேரம் 20 சதவீதம் கூடினா சொல்லணும்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க. ஜனவரியில 6.2 செகண்ட். நேத்து 7.8. வியாழக்கிழமை அப்பாயின்ட்மென்ட், நோட்டையும் அந்தப் பழைய செருப்பையும் எடுத்துட்டுப் போறேன்.